மகளுக்கு ஸ்டார் டிரெக் காட்டப் போய்

என் மகளுக்கு 14 வயது. விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போகும் அமெரிக்க டிவி தொடர் வரிசையான ஸ்டார் டிரெக்கை அவளோடு பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரிசையாகப் பார்த்தால்தான் ருசிக்கும் என்று நினைத்து, 1966-இல் வந்த முதல் தொடரிலிருந்து ஆரம்பித்தேன். 79 எபிசோட். நான்காவதிலேயே எழுந்து போய்விட்டாள். கேப்டன் கையடக்கக் கருவியைத் திறந்து கப்பலோடு பேசும்போது சின்ன வயதில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவளுக்கு அது வெறும் போன்.

சரி, புதுசாகப் பார்ப்போம் என்று இன்னொரு விண்வெளிக் கதை உலகமான ஸ்டார் வார்ஸ் பக்கம் போனோம். 2023-இல் வந்த 'அசோகா' தொடர். அதில் முக்கியமான பலர், 2014 முதல் 2018 வரை ஓடிய 'ரெபல்ஸ்' கார்ட்டூனிலிருந்து வருகிறவர்கள். யாராவது உருகி நின்றால் போதும், "இவங்க யாருப்பா?" என்பாள். நான் நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொன்னேன். "இதுக்கு முன்னாடி எவ்வளவு பார்க்கணும்?" என்று கேட்டாள். சொன்னேன். அதோடு முடிந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தடிமனான நாவலை ராத்திரி முழுக்க விழித்திருந்து முடிப்பவள் இவள். கதைக்குள் நுழையும் முன்பே பாடத்திட்டத்தை நீட்டினால் யாருக்குத்தான் மனசு வரும்? இன்னொன்று, இடைவெளி. ஸ்டார் டிரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை, ஏழு சீசனில் 178 எபிசோட் தந்தது. இன்றைய ஸ்டார் டிரெக் தொடரான 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' சீசனுக்குப் பத்துதான். 2023-க்கு அப்புறம் அடுத்த சீசன் 2025-இல் வந்தது. இந்த வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரிய காலம்!

ஒரு மாதம் கழித்து, எந்த முன்னுரையும் இல்லாமல், நெக்ஸ்ட் ஜெனரேஷனிலிருந்து 'தி இன்னர் லைட்' என்ற ஒரு எபிசோடை மட்டும் போட்டேன். 1992-இல் வந்தது. கேப்டன் பிக்கார்ட் மயங்கிக் கிடக்கும் 25 நிமிடத்துக்குள், என்றோ அழிந்துபோன ஒரு கிரகத்தில் மனைவி, பிள்ளைகள், பேரன் என்று ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடிக்கிறார். விழித்தபின் அவர் கையில் மிஞ்சுவது ஒரு குழல். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அவள் அசையவில்லை. முடிந்ததும், "அப்புறமா அந்தக் குழலை வாசிச்சாராப்பா?" என்றாள்.

1993-இல் வந்த ஒரு எபிசோடில் வாசிப்பார். நாக்கு நுனி வரை வந்ததைச் சொல்லாமல் விட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் அறையிலிருந்து அந்தக் குழல் ஓசை கேட்டது.