அயர்ன் மெய்டனைப் பார்க்கத் தனியாகப் போனது

கூட வர ஆள் கிடைக்கவில்லை என்று பிடித்த பேண்டின் ஷோவை விட்டுவிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் யாரும் கிடைக்கவில்லை. தோழிகளுக்கு மெட்டல் ஆகாது, வீட்டில் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் தனியாகவா என்று கேட்டார்கள். நான் போனது பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டனின் ஃபியூச்சர் பாஸ்ட் டூருக்கு, 2023-24இல் நடந்தது. 1986இல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்திலிருந்து அத்தனை பாட்டுகளை அவர்கள் மறுபடி ஒரே மேடையில் வாசிப்பார்களா என்று யாருக்குத் தெரியும்? போயே தீருவது என்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தனியாகப் போனால் கஷ்டமான நேரம் கேட் திறக்கும் வரைக்கும்தான். வரிசையில் எல்லாரும் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதற்கு நல்ல வழி பேண்ட் டீஷர்ட் போட்டுக்கொண்டு போவது. என் 'பவர்ஸ்லேவ்' டீஷர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் நின்ற நரைத்த தாடிக்காரர் ஒருவர் பேச ஆரம்பித்தார். பாடகர் புரூஸ் டிக்கின்சன் பேண்டை விட்டுப் போயிருந்த காலத்தில், பிளேஸ் பெய்லி பாடிய வருஷங்களிலேயே இவர்களைப் பார்த்தவராம். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். 'அலெக்சாண்டர் தி கிரேட்' ஒரு பாட்டுக்காக மட்டும் வந்தேன் என்றார். அது அதே 1986 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். வெளியானதிலிருந்து 2023 வரை, 37 வருஷம், அதை ஒரு மேடையிலும் அவர்கள் வாசித்ததே இல்லை. நான் தண்ணீர் வாங்கப் போனபோது என் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதற்கப்புறம் எனக்குத் தனியாக வந்த நினைப்பே இல்லை.

உள்ளே போனதும் ஸ்பீக்கரில் ஏதேதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் காது கொடுக்க மாட்டார்கள். திடீரென்று யுஎஃப்ஓ பேண்டின் 'டாக்டர் டாக்டர்' வரும். மெய்டன் ரசிகர்களுக்கு அதுதான் மணியோசை, அது முடிந்தால் ஷோ தொடங்கப்போகிறது என்று அர்த்தம். விளக்கு இன்னும் அணையவில்லை, புதிதாக வந்தவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் தெரிந்தவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே முழு பாட்டையும் கத்திப் பாடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் என் தோளில் கை போட்டாள். அந்த நிமிஷத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

முதல் பாட்டு தொடங்கியதும் கூட்டம் மொத்தமாக முன்னால் தள்ளும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1979இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ என்ற பேண்டின் ஷோவுக்கு உள்ளே நுழையும்போது நெரிசலில் 11 பேர் இறந்தார்கள், 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தபோது 9 பேர். இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சு விட இடம் இருக்கும். தள்ளுகிற திசைக்கு எதிராக மல்லுக்கட்டாமல், தள்ளு ஓய்கிற இடைவெளியில் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர வேண்டும். யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவார்கள், ராக் கூட்டத்தில் இது எழுதாத சட்டம். என் முன்னால் ஒரு பையன் கால் தடுக்கி விழுந்தான், தரையைத் தொட்டானோ இல்லையோ, நாலைந்து கை அவனைத் தூக்கி நிறுத்திவிட்டது.

முன்வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை மேடைத் தரையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு, மைக் இல்லாமலே ஒவ்வொரு வரியையும் வாயசைத்துப் பாடுவதை வீடியோவில் பார்ப்பதும் பத்தடி தூரத்தில் பார்ப்பதும் ஒன்றில்லை. ஆனால் அங்கே குரல் தெளிவாகக் கேட்காது, டிரம்மும் மேடையில் இருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் சத்தமும்தான் மேலே நிற்கும். பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு பக்கமும் தொங்குகின்றன, சவுண்ட் என்ஜினியர் பின்னால் மிக்சிங் மேசையில் தனக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அதனால் நல்ல சத்தம் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான். தனியாக வந்ததன் லாபம் இங்கே தெரிந்தது. யாரிடமும் கேட்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல் பாதி ஷோவில் கிளம்பிப் பின்னால் போய் நின்றேன். மூன்று கிட்டாரும் தனித்தனியாகக் கேட்டது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 டெசிபலில் 15 நிமிஷம் நிற்பது, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருப்பதற்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ராக் ஷோ இரண்டு மணி நேரம் ஓடும். தி ஹூவின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது பாதிக்கப்பட்டது ஊரறிந்த விஷயம். இசைக்கென்றே வரும் இயர்பிளக் வாங்குங்கள், பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறையும். நான் உபரியாக ஒரு ஜோடி வைத்திருந்தேன், பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்தேன். ஷோ முடியும் வரை அவன் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மிக்சிங் மேசைக்குப் பக்கத்தில்தான் தாடிக்காரரை மறுபடி பார்த்தேன். 'அலெக்சாண்டர்' தொடங்கியது. அவர் போனை எடுக்கவில்லை, ஆடவில்லை, பாடக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, துடைக்காமல் நின்றார். டிரம்மில் நிக்கோ மெக்பிரெய்ன். 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துபோய், மே மாதம் டூர் தொடங்கும்போது மறுபடி டிரம்முக்கு முன்னால் வந்து உட்கார்ந்த மனிதர். அவர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அதற்கு அடுத்தது 'ஃபியர் ஆஃப் தி டார்க்'. இருட்டில் தனியாக நடக்கிற ஒருவனின் பயம்தான் பாட்டே. அதன் கிட்டார் மெட்டை ஆயிரக்கணக்கானவர்கள் ஓ ஓ என்று ஒரே குரலில் பாடுகிறார்கள், மேடையில் இருப்பவர்களின் சத்தத்தையே அது மூழ்கடிக்கிறது. கல்லூரிப் பையனுக்கு வரிகள் தெரியாது, ஆனால் மெட்டு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிட்டது.

கடைசிப் பாட்டு 'வேஸ்டட் இயர்ஸ்' முடிந்து விளக்கெல்லாம் போட்டதும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தேதான் வெளியே வந்தோம். பையன் 'ரன் டு தி ஹில்ஸ்' வாசிக்கவில்லை என்று குறைப்பட்டான். தாடிக்காரர் அதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார். நான் பையன் பக்கம்தான் பேசினேன், ரயில் வரும் வரைக்கும் பேசினேன்.