கிளாக் ஒன்றுதான், ஃபேஸ் மட்டும் ஏன் நகர்கிறது?

இரட்டை_ஆன்டெனா
ஆர்820டி2 ட்யூனர் (அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் சிப்) உள்ள இரண்டு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்கள் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்கள்). இரண்டாவதின் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றி, முதலாவதின் கிளாக்கையே இரண்டுக்கும் கொடுத்தாயிற்று. 433.92 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் வரும் திசை காண வேண்டும்; அதற்கு இரண்டு ஆன்டெனாவில் வரும் அலைகளின் ஃபேஸ் (அலைச் சுழற்சியில் உள்ள நிலை) வித்தியாசம்தான் ஆதாரம். ஆன்டெனா அசையாமலே ஃபேஸ் வித்தியாசம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. நடுநடுவே சட்டென்று தாவவும் செய்கிறது. இதைக் கண்டவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்?

நாய்ஸ்_ஃப்ளோர்
ஆன்டெனாவை முதலில் கழற்றிவிடுங்கள் சார். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஃபேஸை அசைக்கும். ரிசீவர் குற்றமா, அறையின் குற்றமா என்று பிரிக்கவே முடியாது.

ஒரு நாய்ஸ் சோர்ஸ் (இரைச்சல் சிக்னல் தரும் கருவி), அதை இரண்டாகப் பிரிக்க இருவழி ஸ்ப்ளிட்டர், சம நீளத்தில் இரண்டு கேபிள் போதும். ரெசிஸ்டர் ஸ்ப்ளிட்டரில் கிளைகளுக்கு நடுவே 6 டெசிபெல்தான் தடுப்பு. ஹைப்ரிட் வகை மேல். ஒற்றை டோன் (ஒரே அதிர்வெண் சிக்னல்) வேண்டாம், அதில் ஒரு டாங்கிள் மற்றதிலிருந்து எத்தனை சாம்பிள் (எண்ணாக்கிய அளவீடு) தள்ளியிருக்கிறது என்று தெரியாது. நாய்ஸ் என்றால் கிராஸ் கோரிலேஷனில் (ஒன்றை நகர்த்தி நகர்த்தி மற்றதோடு ஒப்பிடும் கணக்கு) ஒரே உச்சி வரும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்து, ஒன்றை மற்றதின் கான்ஜுகேட்டால் (கோணத்தின் குறி மாறிய வடிவம்) பெருக்கி, 100 மில்லிசெகண்டுக்குச் சராசரி எடுத்து, கோணத்தை வரையுங்கள். டாங்கிள் ஆறிக் கிடக்கும்போதே தொடங்கி 30 நிமிடம் ஓடட்டும். ஏஜிசி (கெயினை, அதாவது பெருக்கத்தை, தானாக மாற்றும் வசதி) கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். கெயின் ஒரு படி மாறினாலும் ஃபேஸ் மாறும்.

கோடு எந்த வடிவில் போகிறது என்பதுதான் எல்லாம். அதைப் பார்க்காமல் எந்த உதிரியையும் மாற்றாதீர்கள்.

பிஎல்எல்_பைத்தியம்
ஒரே சரிவில் ஏறிக்கொண்டே போனால் அதிர்வெண் வித்தியாசம். நொடிக்கு 36 டிகிரி என்றால் 0.1 ஹெர்ட்ஸ். கிளாக் தனித்தனியாக இருந்தால் இவ்வளவு மெதுவாக நகராது. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வித்தியாசமே இங்கே 434 ஹெர்ட்ஸ். ஆகவே மென்பொருளில் இரண்டு டாங்கிளுக்கும் பிபிஎம் திருத்தம் ஒரே எண்ணா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

சரிவு இல்லாமல் இங்கும் அங்கும் தள்ளாடினால் ட்யூனரின் பிஎல்எல்லில் (கிளாக்கிலிருந்து வேண்டிய அதிர்வெண்ணை உருவாக்கி லாக் செய்யும் சுற்று) உள்ள டித்தரிங்கை (வேண்டுமென்றே சேர்க்கும் சிறு அசைவை) சந்தேகியுங்கள். இரண்டு சிப்பும் தனித்தனியாக டித்தர் செய்வதால் கிளாக் பொதுவாக இருந்தும் ஃபேஸ் அலையும். டிரைவரின் சில மாற்று வடிவங்களில் அதை அணைக்க வழி உண்டு. ஸ்பர் (தேவையற்ற போலி சிக்னல்) கொஞ்சம் கூடும். திசை காணும் வேலைக்கு அது பெரிய இழப்பில்லை.

பஃபர்_காலி
தாவல் பற்றி. 2.4 எம்எஸ்பிஎஸ்ஸில் (நொடிக்கு 24 லட்சம் சாம்பிள்) ஒரு சாம்பிள் 416.7 நானோசெகண்ட். ஒரு சாம்பிள் நழுவினால் மையத்திலிருந்து 300 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள சிக்னலில் 45 டிகிரி, 600-இல் 90, மையத்தில் பூஜ்யம். அதனால் பேண்டின் இரண்டு மூன்று இடங்களில் தாவலை அளந்து பாருங்கள். தள்ளியிருக்கும் தூரத்துக்கு ஏற்ப வளர்ந்தால் சாம்பிள் இழப்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் பிஎல்எல் மறுபடி லாக் ஆகியிருக்கிறது, அல்லது கெயின் மாறியிருக்கிறது.

யூஎஸ்பியில் ஒரு முழு பஃபரே (சாம்பிள்களின் தற்காலிகச் சேமிப்பு) போய்விட்டால் கோரிலேஷன் உச்சியே காணாமல் போகும். தேடும் எல்லையை அகலமாக்கினால்தான் அகப்படும். ஒரு டாங்கிளுக்கு நொடிக்கு 4.8 எம்பி. ஹப் வழியாகப் போகாமல் நேரடி போர்ட்டில் செருகுங்கள். லினக்ஸில் யூஎஸ்பி பஃபர் நினைவகம் இயல்பாக 16 எம்பிதான். அந்த அமைப்பை 0 ஆக்கினால் வரம்பு நீங்கும்.

கேபிள்_கத்தரி
முதல் அரைமணியில் வளைந்து ஏறிப் பிறகு படிந்துவிட்டால் சூடு. ஹேர் டிரையரை ஒரு டாங்கிளுக்கு மட்டும் காட்டுங்கள், கோடு உடனே அசையும். இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் இறுக்கி, ஒரே விசிறியின் கீழ் வையுங்கள். அப்போது இரண்டும் சேர்ந்தே சூடாகும், வித்தியாசம் சுருங்கும்.

கேபிளையும் மறக்க வேண்டாம். ஆர்ஜி-58-இல் 433.92-க்கு 1 மில்லிமீட்டர் ஏறத்தாழ 0.8 டிகிரி. கேபிள்களை இடம் மாற்றுங்கள்; நகர்வு கேபிளோடு போகிறதா, டாங்கிளோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். டெஃப்லான் கேபிளுக்கு 19 டிகிரி செல்சியஸை ஒட்டி ஃபேஸில் ஒரு திடீர் வளைவு உண்டு. குளிர்பதன அறையை அந்த வெப்பநிலையில் வைக்காதீர்கள்.

பிஎல்எல்_பைத்தியம்
ஒன்று விட்டுப்போயிற்று. அதிர்வெண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பிஎல்எல்லும் வெவ்வேறு ஃபேஸில் லாக் ஆகும். அது பழுதில்லை. மாற்றியதும் நாய்ஸைச் செலுத்தி மறுபடி அளவீடு செய்யத்தான் வேண்டும். திசை காணும் ஐந்து சேனல் ரிசீவரான கிராக்கன்எஸ்டிஆரில் நாய்ஸ் சோர்ஸ் உள்ளேயே இருப்பது இதற்காகத்தான்.