எட்டு கீ மட்டும் ஊமை: "போர்டு போச்சு" என்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

கேட்டவர்: கீபோர்டு டீச்சர்

வணக்கம். குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். 61 கீ உள்ளது, 11 வருடமாக என்னிடம் இருக்கிறது. போன மாதம் திடீரென்று எட்டு கீயில் சத்தமே வரவில்லை. வரிசையாக இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மீதி 53 கீயும் எப்போதும் போல நன்றாகப் பேசின.

பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். போன், லேப்டாப், டிவி எல்லாம் பார்க்கிறார்கள், கூட்டம் நிற்கும். ரசீது கேட்டதற்கு, "நம்பர்தான் இருக்கே, கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. நானே நான்கு தடவை போய் நின்றேன். ஒரு நாள் "இன்னும் பிரிக்கலை", ஒரு நாள் "பையன் லீவு", இன்னொரு நாள் "ஐசி பார்க்கணும்". 19ஆம் நாள், "மெயின் போர்டு போச்சு, கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்று எடுத்து நீட்டினார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் அடுத்தவருடைய போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ இல்லை. அதைவிட, இடது பக்கக் கீழ்ச் சுரங்களை வாசித்தால் "ஜிர்ர்" என்று ஓர் அதிர்வு. கொடுக்கும்போது அது இல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி ஊமையாகிப்போன டி சுரத்தை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் அழுத்தமாக அழுத்தினாள். தன் மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

எட்டு கீ போனதற்கு முழு போர்டும் போயிருக்குமா? அந்த அதிர்வு எதனால்? இன்னொன்று: அதே கடையில் என் லேப்டாப்பும் கிடக்கிறது. மூடியின் கீல் உடைந்ததற்குக் கொடுத்தேன். பிள்ளைகள் வாசித்த ஒலிப்பதிவு எல்லாம் அதில்தான். திரும்ப வாங்கிவிடட்டுமா?

பதில்: சாலிடரிங் மேசைக்காரன்

டீச்சர், 20 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: எந்த எட்டு கீ? இடது ஓரத்தை 1 என்று வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தி, ஊமையானவற்றின் எண்ணை மட்டும் எழுதுங்கள். உங்கள் கடைக்காரர் இதைக் கேட்டிருந்தால் 19 நாள் ஆகியிருக்காது.

காரணம் சொல்கிறேன். 61 கீக்கும் 61 ஒயர் தனித்தனியாகப் போவதில்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் குறுக்கும் நெடுக்குமாக எட்டு எட்டாகக் கோடு போட்டிருப்பார்கள், மேட்ரிக்ஸ் என்பார்கள். எட்டெட்டு 64, அதில் 61 கீயும் அடங்கிவிடும். பிராசசர் ஒவ்வொரு கோடாகத் தட்டிப் பார்த்து, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்பதை வைத்து எந்த கீ என்று கண்டுபிடிக்கும். ஒரு கோடு அறுந்தால் அதில் தொங்கும் எட்டு கீயும் சேர்ந்து படுத்துவிடும். ஒரு வகைக் கோடு போனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எட்டும் போகும். மற்ற வகை போனால் ஒவ்வொரு எட்டாவது கீயும் போகும்.

அதனால் இடைவெளி சீராக இருந்தால் மெயின் போர்டைக் குறை சொல்லாதீர்கள். ரிப்பன் கேபிள் நழுவியிருக்கலாம், கனெக்டரின் உலோகக் காலைப் பிடித்திருக்கும் சாலிடர், அதாவது ஈயப் பற்று, விரிசல் விட்டிருக்கலாம், கோடு எங்கோ கீறியிருக்கலாம். இடைவெளியில் ஒழுங்கே இல்லை என்றால், கீக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் தூசி. அந்த ரப்பரின் அடியில் கரி பூசிய சின்னப் பொட்டுகள் இருக்கும், அவை போர்டைத் தொட்டால்தான் சத்தம்.

அதிர்வைப் பற்றி: வாசிக்காமல், கீபோர்டை மெதுவாகச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் கரண்டில் போடவே போடாதீர்கள். காணாமல் போன ஸ்க்ரூ நான்கில் ஒன்று உள்ளேயே கிடந்து போர்டின் மேல் விழுந்தால், அப்போதுதான் உண்மையிலேயே போர்டு போகும்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். போனும் டிவியும் பார்ப்பவர்களில் பலர் கீபோர்டைப் பிரித்தே இருக்க மாட்டார்கள். ஆனால் "எனக்கு இது பழக்கமில்லை" என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் எனக்குக் கோபம். பிரித்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதது அதைவிட.

பதில்: டிவியால் பட்டவர்

எனக்கும் இதே வசனம்தான், "பேனல் போச்சு". படம் கறுப்பு, சத்தம் மட்டும் வந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாமே என்று கொண்டுபோனேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு மிகப் பக்கத்தில் பிடித்தார். மங்கலாக ஒரு செய்தி வாசிப்பாளர் தெரிந்தார்! படம் இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி பட்டைதான் எரியவில்லை என்றார். பட்டையில் எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கும், ஒன்று அணைந்தால் வரிசையே அணைந்துவிடுமாம். பட்டையை மாற்றினார், பழையதைக் கையில் கொடுத்தார். மூன்று வருடமாக ஓடுகிறது.

ஆகவே டீச்சர், இன்னொரு கடை பாருங்கள். எதிரே வைத்துப் பிரிக்கச் சம்மதிப்பவராகப் பாருங்கள்.

பதில்: லேப்டாப் பற்றி மட்டும்

லேப்டாப்பை வாங்கிவிடுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. 2022இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சத்தம் வரவில்லை என்ற சின்னப் பழுதோடு லேப்டாப்களை 16 இடங்களுக்கு அனுப்பி, உள்ளே யார் என்ன திறக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆறு இடங்களில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டில் வெளியே நகலும் எடுத்திருந்தார்கள். கீல் மாற்றப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இனிக் கொடுக்கும்போது பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, பிள்ளைகளுடையதை அழித்துவிட்டுக் கொடுங்கள். ரசீதில் மாடலும் சீரியல் நம்பரும், கொடுக்கும்போது இருந்த கீறலும்கூட இருக்கட்டும்.

கேட்டவர்: கீபோர்டு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. லேப்டாப்பை நேற்றே வாங்கிவிட்டேன், தொடவே இல்லை போல, கீல் உடைந்தபடியே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

சார், எண்கள் இதோ: 3, 11, 19, 27, 35, 43, 51, 59.

எழுதி முடித்துப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. சரியாக எட்டு எட்டு! டி, ஏ ஷார்ப், எஃப் ஷார்ப், மறுபடி டி என்று சுற்றிச் சுற்றி வருகிறது. டி ஒன்றுவிட்டு ஒன்று மட்டும் ஊமையாக இருந்தது ஏன் என்று எனக்குப் புரியாமலே இருந்தது. ஒரு மாதமாக இதே தொல்லை, எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

பதில்: சாலிடரிங் மேசைக்காரன்

ஒரே கோடு. இந்தத் தாளை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள். "மேட்ரிக்ஸ் லைன் ஒன்று கட் ஆன மாதிரி இருக்கிறது, கீகளுக்கு அடியில் இருக்கும் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறவர் நல்ல மெக்கானிக்.

கேட்டவர்: கீபோர்டு டீச்சர்

சனிக்கிழமை ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பார்க்கிறவர். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். என்னை எதிரே உட்கார வைத்து, ஸ்க்ரூக்களை ஒரு காந்தத் தட்டில், எடுத்த வரிசையிலேயே வைத்துப் பிரித்தார்.

இடது ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் காந்தத்தில், காணாமல் போன ஸ்க்ரூ ஒன்று செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் தலை பிளாஸ்டிக் சுவரை லேசாகத் தொட்டபடி. கீழ்ச் சுரத்துக்கு அதிர்ந்தது அதுதான். ட்வீசரால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

கனெக்டரை ஒரு பூதக்கண்ணாடியில் காட்டினார். ஒரு காலைச் சுற்றி, சாலிடரில் தலைமுடி அளவுக்கு ஒரு வட்டக் கோடு. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இணைப்பு இருந்தால் பீப் என்னும் மீட்டரை வைத்தால் பீப் இல்லை, அந்தக் காலை விரலால் அமுக்கினால் பீப். பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். பக்கத்துக் கால்களையும் தானாகவே தொட்டு விட்டார், "இதுவும் கொஞ்ச நாளில் விடும்" என்று. பிறகு, மூடுவதற்கு முன்னால் என்னையே வாசிக்கச் சொன்னார். 3, 11, 19 என்று ஒவ்வொன்றாக. எட்டும் பேசின. 43 வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் ஸ்க்ரூ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

நேற்று வகுப்பில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, "அன்றைக்கு உன் விரல் மேல் தப்பில்லை, உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது" என்று சொன்னேன். அந்த ஸ்க்ரூவையும் காட்டினேன். டியை மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்தினாள்.

சார், ஒரு சந்தேகம் மட்டும். 51ஆவது கீ இப்போது மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்கிறது. மெதுவாகத் தொட்டாலும் அடித்த மாதிரி. மறுபடி கோடு விடுகிறதா?

பதில்: சாலிடரிங் மேசைக்காரன்

இல்லை டீச்சர், கோடு விட்டால் எட்டும் சேர்ந்து போகும். இது தூசி. ஒவ்வொரு கீக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளி, ஒன்று முதலில் தொடும், மற்றது கொஞ்சம் பிந்தித் தொடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் நீங்கள் மெதுவாகத் தொட்டீர்களா, அழுத்தி அடித்தீர்களா என்று அது கணக்குப் போடுகிறது. ஒரு பொட்டில் தூசி இருந்தால் கணக்குத் தப்பும்.

பெரியவரிடமே சொல்லுங்கள். ரப்பர் பட்டையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் லேசாக ஒற்றி எடுத்து, காயவிட்டு மாட்டினால் போதும். கரிப் பொட்டைச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். பட்டையைக் கழற்றும் முன் எந்தப் பட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.