மறு: ‘லேண்ட்ஸ்கேப் இம்மெர்ஷன்’ – தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். விலங்குக் காட்சிசாலைகளில் கொரில்லா, சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகளை வைக்கும் இடங்களைப் பற்றிய கட்டுரைக்கு நாம் போடும் கலைச்சொல் பட்டியலில், ‘லேண்ட்ஸ்கேப் இம்மெர்ஷன்’ என்பதற்கு நீங்கள் முன்வைத்த சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். விலங்கின் காட்டுச் சூழலுக்குள் பார்வையாளரையும் நுழைய வைக்கும் வடிவமைப்புக்கு அந்தப் பெயர்.

> ‘இயற்கை வாழிடம்’ என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஒன்று புரியும். இந்தத் தொடர் பிறந்த இடத்தைப் பார்த்தால் சிக்கல் தெரியும். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், உட்லண்ட் பார்க் விலங்குக் காட்சிசாலைக்காக ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிறுவனம் திட்டம் தீட்டியபோது உண்டாக்கிய சொல் இது. அப்போது அங்கே இயக்குநராக இருந்த டேவிட் ஹான்காக்ஸ் கட்டடக் கலை படித்தவர். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அங்கே கொரில்லாக்களுக்கான புதிய இடம் திறக்கப்பட்டது. அதுவரை பல ஊர்களிலும் கொரில்லாவுக்குக் கிடைத்தது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வசதியான ஓடு பதித்த அறைதான்.

கொரில்லாவுக்கு மண்ணும் மரமும் கொடுத்தது பாதி வேலை. மறுபாதியை நமக்குச் செய்தார்கள். பார்க்க வருகிறவர் நடக்கும் பாதையின் இரு பக்கமும் கொரில்லாவின் பக்கத்தில் உள்ள அதே மாதிரிப் புதர், அதே மேடு பள்ளம். தடுப்பு கண்ணில் படாது. எதிர்ப்பக்கம் நின்று பாப்கார்ன் தின்னும் கூட்டமும் தெரியாதபடி பார்வைக்கோடுகளைச் செடிகளால் மறைத்திருப்பார்கள். ஆக, காட்டுக்குள் நுழைந்தவர் மனிதர். அது அவருடைய இடம் அல்ல என்று அவருக்கே தோன்ற வேண்டும். ‘இயற்கை வாழிடம்’ என்று எழுதினால் இந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார்.

> அப்படியானால் ‘கம்பியில்லாக் காட்சி’?

அது இன்னும் பழைய சங்கதி. 1907இல் ஹாம்பர்க் பக்கத்தில் ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் கம்பியை எடுத்துவிட்டு அகழியை வைத்தார். அங்கே பார்வையாளர் நாடக மேடையைப் பார்ப்பதுபோல் தூர நின்று பார்த்தார். நம் வண்டலூரின் அகழி அடைப்புகளும் அந்த வழியில் வந்தவைதான்: நாம் சாலையோரச் சுவருக்கு இப்பால், விலங்கு அகழிக்கு அப்பால். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையின் மூன்றாம் பகுதியே குழம்பிவிடும்.

சரி, ‘மூழ்கல்’. அகராதிப்படி சரியான சொல். ஆனால் ‘நிலமூழ்கல்’ என்றால் எனக்கு மேட்டூர் அணைக்குள் போன ஊர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. தவிர, மனிதக் குரங்குகளுக்கு நீச்சல் கைவராது. நீர் அகழியில் விழுந்து சிம்பன்சிகள் இறந்தது உண்டு. அதைப் பற்றிய பத்திக்கு மேலேயே ‘மூழ்கல்’ என்று தலைப்பு வைப்பது நன்றாகவா இருக்கும்? ‘அமிழ்வு’க்கும் இதே தடை. ‘தோய்வு’ எனக்குப் பிடிக்கிறது. இசையில் தோய்ந்தவர் என்கிறோம்; அங்கே யாரும் தண்ணீரை நினைப்பதில்லை.

எதில் தோய்வது? ‘நிலக்காட்சித் தோய்வு’ நீளம். நம் குழுவில் ஓர் அம்மா முன்வைத்த ‘திணைமயக்கம்’ அழகுதான், ஆனால் இலக்கணத்தில் அதற்கு (ஒரு திணைக்குரியது இன்னொன்றில் வருவது என்று) வரையறுத்த பொருள் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம். ‘திணை’யை மட்டும் எடுத்துக்கொண்டு ‘திணைத்தோய்வு’ என்று வைக்கலாம். காங்கோ மழைக்காடு ஐந்திணையில் எதிலும் அடங்காதே என்று கேட்பீர்கள். சூழலியல் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே அந்தச் சொல்லை நிலமும் உயிரும் சேர்ந்த தொகுதி என்ற பொருளில் விரித்துவிட்டார்கள்; நாம் புதிதாக எதையும் வளைக்கவில்லை.

> அப்போ விலங்குக்கு இதில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அட்லாண்டாவில் வில்லி பி. என்ற கொரில்லா ஒரு டயர் ஊஞ்சலும் டிவியுமாக 27 ஆண்டு தனியாக உள்ளறையில் கிடந்தது. 1988இல் இதே பாணியில் அமைத்த இடம் திறந்தபோதுதான் வெளியே புல்லில் கால் வைத்தது. பிறகு குடும்பமும் குட்டிகளும் வந்தன. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல முடியாது. பல காட்சிசாலைகளில் நாம் ரசிக்கும் மரத்தைக் குரங்கு தொடவே முடியாது. பட்டையை உரித்துவிடும் என்று மின்கம்பி சுற்றியிருப்பார்கள். பாறையும் கொடியும் சிமென்ட்டாக இருக்கும். நமக்குக் காடு, அதற்கு வெறும் புல்தரை.

இதற்கு நேர் எதிர், வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் 1995 முதல் இருக்கும் ‘ஓ லைன்’. உயரமான கோபுரங்கள், அவற்றுக்கிடையே கட்டிய கம்பிவடம், வேறொன்றும் இல்லை. பார்க்க மின்வாரியக் கோபுரம் மாதிரிதான் இருக்கும். ஒராங்குட்டான் அதில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்வையாளர் தலைக்கு மேலே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும், விருப்பமிருந்தால். மரத்திலேயே வாழ்கிற உயிருக்கு இதுதான் வேண்டும். திணைத்தோய்வு துளியும் இல்லை. ஆனாலும் எனக்கு இதுதான் மேலானதாகப் படுகிறது.

ஆகவே, காட்சியை விட்டு விலங்கின் நடத்தைக்கு இடம் கொடுக்கும் இந்த வகைக்குத் தனிச்சொல் வேண்டும். திணை இலக்கணத்தின் முதல், கரு, உரி என்ற வரிசையில் நடத்தை ‘உரி’ அல்லவா, ‘உரியமைப்பு’ என்று வைக்க ஆசைப்பட்டேன். ‘உரிய அமைப்பு’ என்றுதான் படிப்பார்கள். ‘இயல்நடத்தை அமைப்பு’ என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் அரசாணை வாடை அடிக்கிறது, பரவாயில்லை.

மற்றவை சுருக்கமாக. விலங்கு சலிப்படையாமல் இருக்க அதன் சூழலில் செய்யும் ஏற்பாடுகளைக் குறிக்கும் ‘என்ரிச்மென்ட்’டுக்குச் ‘செறிவூட்டல்’ வேண்டாம். அது ரேஷன் அரிசிக்கும் யுரேனியத்துக்கும் போய்விட்டது. ‘சூழல் வளமூட்டல்’ போதும். ‘கிரேட் ஏப்’ பாடநூலில் உள்ளபடி ‘மனிதக் குரங்கு’ என்றே இருக்கட்டும். பார்வையாளர் போனபின் விலங்குகளை அடைக்கும் பின்பகுதிக்குப் ‘பின்கட்டு’ என்று வைக்கலாமா? பழைய வீடுகளில் எல்லாரும் சொன்ன சொல். பல இடங்களில் குரங்கு நாளில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது, கட்டுரையோ அதைப் பற்றி ஒரே வரிதான் பேசுகிறது. அந்த வரியை விரிக்கச் சொல்லி ஆசிரியருக்குத் தனியே எழுதுகிறேன். ‘திணைத்தோய்வு’க்கு யாருக்காவது மறுப்பு இருந்தால், பட்டியல் அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.