முதல் சர்க்கார் கேப்டன் ஜான் வாக்கரா? யார் சொன்னது?

தாள்மணம்:
நேற்று ஜான் வாக்கர் இழையில் கேடயக்காரன் எழுதியது இது: "அமெரிக்க அரசாங்கம் தயாரிச்ச முதல் டூப்ளிகேட் கேப்டன் அமெரிக்கா வாக்கர்தான். அதுக்கு முன்னாடி அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது." இதற்குப் பதினாறு லைக். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. அங்கே பதில் போட்டால் டிவி தொடர் பேச்சில் காணாமல் போய்விடும் என்பதால் தனி இழை போடுகிறேன்.

மார்வெலின் கேப்டன் அமெரிக்கா காமிக்ஸில் வாக்கர் முதலில் தலைகாட்டியது 1986இல், 323ஆம் இதழில், சூப்பர் பேட்ரியாட் என்ற பெயரில். கேப்டன் உடுப்பு அவன் உடம்பில் ஏறியது 1987இல், 333ஆம் இதழில். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், 1972இல், 153 முதல் 156 வரை நாலு இதழ்கள். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி சால் புஸ்ஸேமா வரைந்தது. நிஜ கேப்டன் ஸ்டீவ் ரோஜர்ஸின் முகம், குரல், பெயர் மூன்றையும் வைத்துக்கொண்டு இன்னொருத்தன் ஹார்லெமில் கறுப்பின மக்களை அடித்து நொறுக்குகிறான். அந்த முகத்தை அவனுக்குக் கொடுத்தது அமெரிக்க அரசாங்கம். நிஜ கேப்டன் கடைசியில் தன் முகத்தையே குத்தி வீழ்த்த வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட கதையை "கிடையவே கிடையாது" என்று ஒரு வரியில் துடைத்துப் போட என்ன தைரியம்!

கேடயக்காரன்:
அண்ணே, 155ஆம் இதழை நானும் படிச்சிருக்கேன். கேப்டன்மேல இருக்கிற பைத்தியத்துல ஆராய்ச்சி பண்ணி, ஜெர்மனியில நாஜி ஆவணங்களுக்குள்ள ஸ்டீவைப் பலசாலி ஆக்கின சூப்பர் சோல்ஜர் மருந்தோட ஃபார்முலாவைக் கண்டுபிடிச்சது அந்தப் போலி ஆள்தான். "என்னைக் கேப்டன் ஆக்கினாத்தான் தருவேன்"னு பேரம் பேசினது அவன். கொரியப் போர் முடிஞ்சதும் அரசாங்கம் திட்டத்தையே மூட்டை கட்டிடுச்சு. அவன் பள்ளிக்கூட வாத்தியாராப் போயிட்டான். அப்புறம் அவனும் அவன் மாணவன் ஜாக் மன்றோவும் தாங்களாவே மருந்தை ஏத்திக்கிட்டாங்க. அரசாங்கம் ஏத்தலை. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: மருந்து ஏத்தினது யார் கை?

தாள்மணம்:
முகத்தை அறுத்து மாற்றியது யார் கை தம்பி? குரலை மாற்றியது யார் கை? அரசாங்கச் செலவில் ஒருத்தனை ஸ்டீவ் ரோஜர்ஸாகச் செதுக்கிவிட்டு, "இப்போது வேண்டாம், போய்ப் பாடம் நடத்து" என்று அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வந்தாகிவிட்டது. பெட்ரோலை அவனே ஊற்றிக்கொண்டான் என்பதால் தொழிற்சாலை இல்லை என்று ஆகிவிடுமா?

கேடயக்காரன்:
வண்டி கதை நல்லாருக்கு. மருந்து ஏத்தினது யார் கை?

ஞாயிறுவாசகன்:
நான் 2021ல ஹாட்ஸ்டார்ல "தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்" தொடர் மட்டும் பார்த்தவன். எனக்குத் தெரிஞ்சு வாக்கர்தான் சர்க்கார் கேப்டன். ஸ்டீவோட நண்பன் சாம் ஷீல்டை மியூசியத்துக்குக் கொடுக்கிறான், அரசாங்கம் அதை எடுத்து வாக்கர் கையில கொடுக்குது. முதல் எபிசோட் முடிவுல அந்த ஆள் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறப்போ வயிறு எரிஞ்சது. இதுல என்ன சண்டை?

தாள்மணம்:
ஐயா, உங்கள் தொடரில் ஸ்டீவ் ரோஜர்ஸ் வாக்கரைச் சந்திக்கவே இல்லை. நிஜமானவனும் போலியும் நேருக்கு நேர் நிற்பதுதான் இங்கே பேச்சு. ஆறு எபிசோடு பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுத வந்துவிட்டீர்கள்.

ஞாயிறுவாசகன்:
தீர்ப்பு எழுதலை சார். பார்த்ததைச் சொன்னேன். பேப்பர்ல படிச்சவங்க மட்டும்தான் பேசணும்னா வாசல்ல போர்டு மாட்டிடுங்க.

ஹார்லெம்பறவை:
தாள்மணம் சார் சொல்ற 1972 கதையில எனக்குப் பிடிச்ச விஷயத்தை யாருமே தொடலை. அந்தப் போலி எங்கிருந்து வந்தான்? 1953 கடைசியில "யங் மென்" 24ஆம் இதழ்ல கேப்டனை மறுபடி கொண்டுவந்தாங்க. 1954ல மூணே மூணு தனி இதழ், 76ல இருந்து 78 வரைக்கும். கம்யூனிஸ்டுகளை நொறுக்குறவன்னு பட்டம் கட்டியும் விற்கலை, நிறுத்திட்டாங்க. 1964ல அவெஞ்சர்ஸ் 4ஆம் இதழ்ல, 1945ல இருந்தே கேப்டன் பனிக்குள்ள உறைஞ்சு கிடந்தான்னு எழுதினாங்க. அப்போ 1954ல கம்யூனிஸ்டுகளை மிதிச்சவன் யார்? எங்கிள்ஹார்ட் அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தப் போலியை உண்டாக்கினார். தங்களோட பழைய கதாநாயகனையே எடுத்து, "இவன் நம்ம ஆள் இல்லை, புத்தி கெட்டவன்"னு எழுதியிருக்காங்க. 155ஆம் இதழுக்குள்ள ஜான் ரொமிட்டா வரைஞ்ச அந்த ஐம்பதுகளின் பக்கங்களையே எடுத்துச் சேர்த்திருப்பாங்க. அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அவனை முதல்ல எதிர்த்து நிக்கிறது ஹார்லெமோட கறுப்பின நாயகன் ஃபால்கன். அது தற்செயலா?

கேடயக்காரன்:
அருமையான பதிவு. ஆனா மருந்து ஏத்தினது அரசாங்கம்னு இதுல எங்கேயும் இல்லையே.

தாள்மணம்:
பார்த்தீர்களா? இத்தனை அழகாக ஒரு அம்மா எழுதியிருக்கிறார். இவருக்கு அதில் மருந்து பாட்டில் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

சரி, உன் வழிக்கே வருகிறேன். மருந்து கொடுத்த கைதான் கணக்கு என்றால், உன் வாக்கருக்கு மருந்து கொடுத்தது யார்? பவர் புரோக்கர். தனியார் ஆசாமி. காசு வாங்கிக்கொண்டு உடம்பு பெருக்கித் தருகிறவன். அதன் பிறகு ஈதன் தர்ம் என்ற மேனேஜர் கூட்டம் சேர்த்து மேடை போட்டுக் கொடுத்தான். அரசாங்கத்தின் கமிஷன் வாக்கரைக் கூப்பிட்டபோது அவன் ஏற்கெனவே பலசாலி. கமிஷன் கொடுத்தது உடுப்பு, ஷீல்டு, பயிற்சி, உத்தரவு. அந்தத் தொடரிலும் நாலாவது எபிசோடில் சீரம் குப்பியைத் தரையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்துத் தானே ஏற்றிக்கொள்கிறான். உன் அளவுகோலை வைத்தால் உன் ஆளே வெளியே போகிறான்! அரசாங்கத்தின் கையால் மருந்து வாங்கியவன் ஸ்டீவ் ரோஜர்ஸ்தான். அப்போது ஸ்டீவையா டூப்ளிகேட் என்பாய்?

கேடயக்காரன்:
வாக்கருக்குப் பதவி ஆணை கொடுத்தாங்க. உடுப்பு கொடுத்தாங்க. "நீதான் இனி கேப்டன் அமெரிக்கா"ன்னு அரசாங்கமே அறிவிச்சது. உங்க ஐம்பதுகளின் ஆளை அறிவிச்சாங்களா? இல்லை. கைவிட்டாங்க. மருந்தையும் அவனே ஏத்திக்கிட்டான். ரெண்டுமே இல்லாதவன் எப்படி சர்க்கார் தயாரிப்பு?

தாள்மணம்:
நேற்று வரை மருந்து. இன்று ஆணை. நாளைக்கு ரேஷன் கார்டு கேட்பாய்.

பனிக்கட்டி45:
ஒரு திருத்தம். "மருந்து ஏத்தினது"ன்னு எல்லாரும் சொல்றீங்க. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழ்ல, ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் செய்ததுல, ஸ்டீவுக்கு ஊசி போடுறாங்க. 1965ல அதே கதையை மறுபடி சொல்றப்போ கிண்ணத்துல வாங்கிக் குடிக்கிறான். ஊசியா, குடிச்சானா?

கேடயக்காரன்:
ஊசி.

தாள்மணம்:
கிர்பியே இரண்டையும் வரைந்திருக்கிறார். இரண்டும் சரி.

பனிக்கட்டி45:
ரெண்டும் எப்படி சரியாகும்? மருந்தைத் தயாரிச்ச டாக்டர் பேரே முதல்ல ரைன்ஸ்டைன், அப்புறம்தான் எர்ஸ்கின்.

ஹார்லெம்பறவை:
தயவுசெய்து ஊசிக்குப் போகாதீங்க. அரசாங்கக் கையால மருந்துன்னு பேச்சு வந்தா ஐசையா பிராட்லி பேரையும் சொல்லணும். 2003ல ராபர்ட் மொரேல்ஸ் எழுதி கைல் பேக்கர் வரைஞ்சது. கறுப்பினச் சிப்பாய்கள்மேல ராணுவம் அந்த மருந்தைச் சோதிச்சுப் பார்க்குது. பிழைச்சு வந்தவரைச் சிறையில போடுது. அவரை யாரும் டூப்ளிகேட்னுகூடக் கூப்பிடலை, மறைச்சே வச்சாங்க. இந்த இழையில இத்தனை பதிவு ஓடியும் அவர் பேர் வரலைன்னா நாம எதைப் படிச்சோம்?

ஞாயிறுவாசகன்:
தொடர்லயும் அவர் வர்றார். அந்தக் காட்சியில அழுதுட்டேன்.

தாள்மணம்:
ஹார்லெம்பறவை சொல்வது நியாயம், ஐசையாவை நான் மறக்கவில்லை. அவர் போலி இல்லை, அதனால் எழுதவில்லை. அந்த நியாயத்தை இந்தத் தம்பியின் பக்கம் சேர்த்துக்கொள்ள விடமாட்டேன்.

இப்போது 332ஆம் இதழுக்கு வருகிறேன். கமிஷன் ஸ்டீவைக் கூப்பிட்டு என்ன சொல்கிறது? உடுப்பும் பெயரும் ஷீல்டும் அரசாங்கச் சொத்து, 1941இல் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், எங்கள் உத்தரவுப்படி வேலை செய் என்கிறது. அவன் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறான். நாட்டின்மேல் வைத்த பற்று வேறு, ஆட்சியில் இருப்பவன் பேச்சைக் கேட்பது வேறு என்று கதாசிரியர் மார்க் க்ரூன்வால்ட் அந்த ஒரு இதழில் காட்டிவிட்டார். அதனால்தான் 1972ஐ விடமாட்டேன் என்கிறேன். அரசாங்கத்துக்கு வேண்டியது ஸ்டீவ் அல்ல, ஸ்டீவின் முகம். அந்த முகத்தை அவர்கள் முதலில் தைத்துக் கொடுத்தது ஐம்பதுகளின் ஆளுக்குத்தான். அவனுக்குப் புத்தி பேதலித்ததும் அவர்களே பிடித்து உறைய வைத்தார்கள். பத்திரமாக எடுத்து வைத்தவன் சொந்தக்காரன் இல்லையா?

கேடயக்காரன்:
உறைய வச்சதால சொந்தக்காரனா? அப்போ அவனை வெளியே விட்டது யாரு? நிக்சன் சீனா போனது பிடிக்காம அங்க வேலை பார்த்த ஒரு ஊழியர். அரசாங்க உத்தரவு இல்லை. உள்ளே வச்சது அவங்கன்னாலும் வெளியே விட்டது தனி ஆள் செஞ்ச வேலை. மருந்தும் தனி ஆள் ஏத்தினது.

தாள்மணம்:
உள்ளே வைத்தது அரசாங்கம் என்று இப்போதுதான் ஒத்துக்கொண்டாய்.

கேடயக்காரன்:
உறைய வச்சதைத்தான் ஒத்துக்கிட்டேன். தயாரிச்சதை ஒத்துக்கலை. வார்த்தையைப் புரட்டாதீங்க.

அப்புறம் இன்னொண்ணு. நாலு பதிவா என்னை "நீ", "உன்"னு எழுதறீங்க. நான் உங்களை "அண்ணே"ன்னுதான் கூப்பிடறேன். வயசு மரியாதை ரெண்டு பக்கமும் வேணும்.

தாள்மணம்:
தம்பி என்று உரிமையோடு எழுதினேன். உரிமை வேண்டாம் என்றால் சரி. கேடயக்காரன் அவர்களே, தாங்கள் இரண்டு வருஷத்துக்கு முன் வாசகர் சந்திப்பில் என்னிடமிருந்து வாங்கிப்போன 350ஆம் இதழ் எங்கே?

கேடயக்காரன்:
இங்கே அதுக்கு என்ன சம்பந்தம்?

தாள்மணம்:
சம்பந்தம் இருக்கிறது. ஸ்டீவும் வாக்கரும் நேருக்கு நேர் மோதியது அந்த இதழில்தான், 1989 பிப்ரவரி தேதியிட்டது. கமிஷனுக்குப் பின்னால் நின்று ஆட்டிவைத்தது ஸ்டீவின் பழைய நாஜி எதிரி ரெட் ஸ்கல் என்று தெரியவருவதும் அதில்தான். அவன் அப்போது ஸ்டீவின் உடம்பையே குளோன் செய்து அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். உன் "அரசாங்க" கேப்டனின் கயிறு கடைசியில் யார் கையில் இருந்தது பார்! அந்தப் பக்கத்தை இங்கே போடலாம் என்றால் புத்தகம் என்னிடம் இல்லை. அட்டையில் ஒரு கீறல் கூட இல்லாமல் கொடுத்தேன்.

ஞாயிறுவாசகன்:
அந்தச் சண்டையில ஜெயிச்சது யாரு?

தாள்மணம்:
ஸ்டீவ்.

கேடயக்காரன்:
ஸ்டீவ்தான். ஆனா அப்புறம் கமிஷன் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கிறப்போ ஸ்டீவ் வேண்டாங்கிறான். வாங்கிக்கோன்னு பேசி வாங்க வச்சது வாக்கர். அதை மட்டும் அண்ணன் சொல்ல மாட்டார். அப்பா அம்மாவைக் கண்ணெதிரே வாட்ச்டாக்ஸ் கும்பல் கொன்னு, புத்தி கலங்கி, கொலை வரைக்கும் போன மனுஷன் அந்த இடத்துல எவ்வளவு பெரியவனா நிக்கிறான்! ஐம்பதுகளின் ஆள் கடைசியில நவநாஜிக் கூட்டத்துக்குத் தலைவனா ஆனான். ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்கிறதே எனக்குப் பொறுக்கலை. வாக்கரைத்தான் அரசாங்கம் செஞ்சுச்சு, அரசாங்கம்தான் கெடுத்துச்சு. அந்தப் பாவம் வேற யார் கணக்குலயும் போகக்கூடாது.

ஹார்லெம்பறவை:
இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா இந்த இழையே வேண்டியிருக்காது.

தாள்மணம்:
ஏன் வேண்டியிருக்காது? "முதல்" என்ற வார்த்தை அப்படியேதானே இருக்கிறது! வாக்கர் நல்லவனா கெட்டவனா என்று நான் கேட்கவே இல்லை. 1972 முன்னால் வருமா, 1987 முன்னால் வருமா?

கேடயக்காரன்:
மருந்து ஏத்தினது யார் கைன்னு சொல்லுங்க, நான் வருஷம் சொல்றேன்.

மட்டுறுத்துநர்:
புத்தகக் கடன் விவகாரத்தைத் தனிமடலில் பேசவும். மரியாதையோடு எழுதவும். இழை இப்போதைக்குத் திறந்திருக்கும்.

பனிக்கட்டி45:
ஊசியா குடிச்சானான்னு இன்னும் யாரும் முடிவு சொல்லலை.

தாள்மணம்:
ஞாயிற்றுக்கிழமை 155ஆம் இதழைப் பரணிலிருந்து இறக்கி அந்த அறுவைச் சிகிச்சைப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். எல்லோரும் அந்த முகத்தைப் பாருங்கள்.

கேடயக்காரன்:
அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் போடுங்க. மருந்து ஏறுறது அதுக்கப்புறம்தான்.

தாள்மணம்:
போடுகிறேன். 350 வரட்டும்.