லேன் அசிஸ்ட், ஆட்டோ பிரேக், ஸ்டார்ட் ஸ்டாப்: உங்கள் வண்டியில் எப்படி?

ஜிஎஸ்டி ரோட்டில் அடாப்டிவ் க்ரூஸ் போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு அதுவே ஓட்டும், சரி. ஆனால் இருப்பதிலேயே குறைந்த இடைவெளியை வைத்தாலும் தாம்பரம் பக்கம் அதில் ஒரு ஆம்னி பஸ் நுழைந்துவிடும். உடனே நம் வண்டி வேகத்தைக் குறைக்கும். அந்த இடத்தில் அடுத்தவர் நுழைவார். செங்கல்பட்டு தாண்டும்வரை இதே கதைதான். அதற்கப்புறம் அருமையாக ஓடுகிறது, வலது கால் வலியே இல்லை.

லேன் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் லேன் அசிஸ்ட் என் வண்டியில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். இடது ஓரமாக டூவீலர் போகிறது என்று லேசாக வலது பக்கம் ஒதுங்கினால் ஸ்டியரிங்கைத் திரும்ப இழுக்கும். பலமான இழுப்பு இல்லை, கையால் மீறிவிடலாம். இண்டிகேட்டர் போட்டால் பேசாமல் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக் கேட்காதவர் இப்போது இண்டிகேட்டர் போடுகிறார் என்று மனைவி கிண்டல் செய்கிறார். பாலம் வேலை நடக்கும் இடங்களில் பழைய லேன் கோட்டை அழிக்காமலே புதுக்கோடு போட்டிருப்பார்கள். அங்கே எந்தக் கோட்டை நம்புவது என்று கேமராவுக்குத் தெரியாது. நான் அணைத்துவிடுகிறேன்.

ஆட்டோ பிரேக் வேறு விஷயம். விழுப்புரம் பக்கம் போலீஸ் பேரிகேடுகளைக் குறுக்கும் மறுக்கும் வைத்திருந்த இடத்தில், நான் வளைந்து போகத் தயாராக இருக்கும்போதே சடாரென்று பிரேக் பிடித்தது. பின்னால் லாரி ஒட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனாலும் அதை அணைக்கமாட்டேன். ஊருக்குள் சந்திலிருந்து பாய்ந்து வந்த ஒரு பைக்குக்கு என் கால் போவதற்கு முன் அது பிரேக் பிடித்தது. எச்சரிக்கை நேரத்தை மட்டும் 'தாமதம்' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன் சார். என்னிடம் அடாஸ் (லேன் அசிஸ்ட், ஆட்டோ பிரேக் மாதிரி ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) இல்லை, ஸ்டார்ட் ஸ்டாப் மட்டும்தான். மேனுவல் வண்டி. சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் நிற்கும், கிளட்சை மிதித்தால் கிளம்பும். ஏசி கம்ப்ரசர் இன்ஜினில்தான் ஓடுகிறது, அதனால் இன்ஜின் நின்றால் வெறும் ஃபேன் காற்று. உள்ளே சூடு ஏறினால் தானே இன்ஜினைக் கிளப்பிக்கொள்ளும். மே மாதத்தில் பாதி நேரம் நிற்பதே இல்லை. பேட்டரி சார்ஜ் குறைவாக இருந்தாலும் நிற்காது. அதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு ஓடாதீர்கள்.

இந்த வண்டிகளுக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை கூடுதல். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதா பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். என் மகள் ஓட்டப் பழகுகிறாள். கிளப்பும்போது வண்டி தவறி ஆஃப் ஆகிவிட்டால் கிளட்சை மிதித்ததும் திரும்பக் கிளம்பிவிடுகிறது, பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடமிருந்து தப்பிக்கிறாள். அந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்டார்ட் ஸ்டாப்பை நான் அணைப்பதில்லை.

*

நான் சேலம், டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணா. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுக்கும் ஹில் ஹோல்டு போதும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் இரண்டு மூன்று விநாடி வண்டியைப் பிடித்து வைக்கும், அதற்குள் கிளப்பிவிட வேண்டும். அதை ஹேண்ட் பிரேக் என்று நினைத்து இறங்கிவிடக் கூடாது.

இன்னொன்று. கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது, வெளியே ஒரு கடையில் மாற்றினேன். அதற்கப்புறம் நடு லேனில் போனாலும் 'லேன் தாண்டுகிறாய்' என்று கத்த ஆரம்பித்தது. கண்ணாடியில் இருக்கும் கேமராவைக் கேலிப்ரேஷன் (சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்வது) செய்யாமலே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி மாற்றுகிறவர்கள் அதைச் செய்தார்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார் இருக்கும் முன் பம்பரைப் பெயின்ட் அடித்தவர்கள் யாராவது உண்டா? எனக்கு அடுத்த வேலை அதுதான்.