அரிசிப் பையோடு சமையல் வகுப்பும்: உதவித்தொகை குறித்து ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இந்த ஆண்டும், வெளியே வாழும் நாம் நடத்தும் நம் ஊர்ச் சங்கத்தின் உதவித்தொகை முழுவதையும் அரிசிப் பைகளாகவே ஊருக்கு அனுப்புவதா என்று பொருளாளர் அண்ணன் கேட்டிருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்கையாவது சத்துணவுக் கல்விக்கு, அதாவது கையில் இருக்கும் பொருளை எப்படிச் சமைத்து வீட்டில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெருவிலேயே சொல்லித் தரும் வகுப்புகளுக்கு, ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற விடுமுறையில் நம் ஊரில் சித்தி வீட்டுத் திண்ணையில் கண்ட காட்சிதான் என்னை இப்படி எழுத வைத்தது. ரேஷன் அரிசியைச் சுளகில் பரப்பி, நிறம் சற்று மாறித் தெரிந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தார். "மக்ளே, இது பிளாஸ்டிக்காக்கும், தண்ணியில போட்டா மிதக்குது பாரு, பிள்ளையளுக்கு எப்படிக் கொடுக்க?" என்றார். அவர் எறிந்தவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, மறுபடியும் அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்து, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்திருந்தார்கள். அரசு செலவு செய்து அனுப்பிய மருந்து கடை வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. அது மருந்து என்ற செய்தி மட்டும் சித்தியின் திண்ணைக்கு வந்து சேரவில்லை. அவருடைய மருமகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது; அதே ஆய்வு 40.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு உடல் எடை மிகுதி என்கிறது. வயிறு நிறைந்தும் சத்து சேராத இந்த நிலைமைக்கு நாம் இன்னுமொரு பை அரிசியைக் கொடுப்பது மருந்தாகாது.

உணவையும் அதை உண்ணும் அறிவையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, பரப்பியபோது, விஷம் என்று மக்கள் அஞ்சியதால், சமைக்கும் முறையையும் சேர்த்தே அறிவித்தார் என்று சொல்வார்கள். மரச்சீனியை வெட்டிப் போட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவதால்தான் கிழங்கிலுள்ள சயனைடு நச்சு பெருமளவு நீங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது நம் பாட்டிமாரின் வீடுகளைக் காத்தது அந்தக் கிழங்குதான். புரதம் மிகக் குறைந்த அந்தக் கிழங்கோடு சாளை மீன் கறியைச் சேர்த்து உண்டார்களே, அதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் புத்தகத்திலிருந்து எடுப்பது?

நான் வாழும் அமெரிக்காவில் 1969 முதல் இத்தகைய கல்வித் திட்டம் ஒன்று பல்கலைக்கழகங்கள் வழியாக நடந்து வருகிறது. அந்தந்தப் பகுதி மக்களிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, பக்கத்து வீட்டாருக்குப் பல வாரங்கள் அடுப்படியிலேயே சொல்லித் தர வைப்பதுதான் அதன் அடிப்படை. உணவு உதவித் திட்டத்தோடு இணைந்து நடந்த இன்னொரு கல்வித் திட்டத்துக்கோ 2025 ஜூலையில் வந்த சட்டம் நிதியை நிறுத்திவிட்டது. ஆகவே நாம் தொடங்குவதென்றால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஊரில் ஒரு முறை வெளியூர்க்காரர்கள் வந்து, கலோரிக் கணக்கை ஒரு மணி நேரம் பேசி, ஆப்பிளும் பாதாமும் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பின் எந்த வீட்டிலும் எதுவும் மாறவில்லை. நம் வகுப்பில் பேச வேண்டியவை வேலியோரத்து முருங்கையிலை, கஞ்சிக்குச் சிறுபயறு, முள்ளோடு உண்ணக்கூடிய நெத்தோலி மீன் ஆகியவை. சோறு உண்ட கையோடு சாயா குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் கூடும் என்பதை நம் பெண்களில் எத்தனை பேரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருப்பதால், மீன் விலை ஏறும் அந்த மாதங்களுக்குப் பயறு, முட்டை, கருவாடு ஆகியவற்றை வைத்துத் தனிப் பாடம் தேவைப்படும். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் தாய்தான் என்ற வழக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதற்கு ஆண்களும் வந்து உட்கார வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்கெனவே கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துமாவு கொடுத்து ஆலோசனையும் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குப் போட்டியாக எதையும் நடத்தாமல், அவர்களைக் கேட்டே நாளும் பாடமும் முடிவு செய்வோம். ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும், சனிக்கிழமைதோறும் சமையலுக்கான பொருள் செலவும் சங்கம் ஏற்றால் போதும். மருத்துவம், செவிலியர் பணி, உணவியல் ஆகிய துறைகளில் இருக்கும் உறவுகள் முதல் ஆறு பாடங்களை எழுதித் தர முன்வந்தால், அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே செலவுக் கணக்கை நான் தயாரித்து அனுப்புகிறேன்.